பகிர்ந்த ஃபோல்டர் திறக்கவில்லையா? ஃபயர்வாலை அணைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வீட்டில் இரண்டு கணினி. ஒன்றில் இருக்கும் படங்களை இன்னொன்றில் திறக்க வேண்டும். ஃபோல்டரைப் பகிர்ந்தாயிற்று, ஆனால் அந்தப் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. யாரைக் கேட்டாலும் முதலில் வரும் யோசனை, "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க" என்பதுதான். நெட்வொர்க் வழியே கணினிக்குள் வருவதைத் தடுக்கும் காவல் மென்பொருள்தான் ஃபயர்வால். பண்ணினால் பல நேரம் திறந்தும் விடும். படம் கிடைத்த மகிழ்ச்சியில் அதைத் திரும்ப ஆன் செய்ய மறந்துபோகும். அந்தக் கணினி அதற்குப் பிறகு எந்த வைஃபையில் சேர்ந்தாலும் தாழ்ப்பாள் இல்லாமலே சேரும்.

அணைக்காமலே கோளாறைக் கண்டுபிடிக்கலாம் என்பது என் கட்சி. அதற்கு இரண்டு விஷயம் புரிந்தால் போதும்.

முதலாவது, ஃபயர்வால் தடுத்தால் பதிலே வராது. ஒரு கதவைத் தட்டுகிறோம். உள்ளேயிருந்து "யாரு?" என்றோ "இப்ப முடியாது" என்றோ ஒரு குரல் வந்தால், நாம் தட்டியது உள்ளே கேட்டுவிட்டது. விண்டோஸ் ஃபயர்வால் அப்படிக் குரல் கொடுக்காது. வந்த பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டை, கீழே போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். ஆகவே கடவுச்சொல் கேட்கிறது என்றாலோ, அனுமதி இல்லை என்று சொல்கிறது என்றாலோ நீங்கள் ஃபயர்வாலைத் தாண்டிவிட்டீர்கள். இனி அதில் கை வைத்துப் பயனில்லை.

இரண்டாவது, முதலில் பேச்சை ஆரம்பித்தது யார் என்பதைத்தான் ஃபயர்வால் கவனிக்கிறது. நம் கணினி தானாக ஒன்றைக் கேட்டு அதற்கு வரும் பதிலை அது மறிக்காது. வெளியிலிருந்து கேட்காமல் வந்து தட்டுவதைத்தான் மறிக்கும். எனவே ஃபோல்டரைத் திறக்க முயலும் கணினியில் எதையும் மாற்றாதீர்கள். ஃபோல்டர் எந்தக் கணினியில் இருக்கிறதோ அங்கே போய் உட்காருங்கள். இதில் இடம் மாறிப்போய்த்தான் பலருக்குப் பாதி நாள் வீணாகிறது. இனிமேல் திறக்க முயலும் கணினியை 'கேட்கும் கணினி' என்றும், ஃபோல்டர் இருக்கும் கணினியை 'கொடுக்கும் கணினி' என்றும் சொல்கிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

கொடுக்கும் கணினியின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணை) அதன் நெட்வொர்க் செட்டிங்ஸில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். 169.254 என்று ஆரம்பித்தால் அந்தக் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையோ வைஃபையையோ சரிசெய்த பிறகு இங்கே வாருங்கள். அந்தக் கணினி தூங்கப் போகவில்லை என்பதையும் பாருங்கள். தூங்கும் கணினியும் பதில் சொல்லாது, அதைப் பார்த்து ஃபயர்வால் என்று நினைத்துவிடுவோம்.

இப்போது கேட்கும் கணினியில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து 445-ஆம் போர்ட்டைச் சோதியுங்கள். போர்ட் என்பது ஒவ்வொரு வேலைக்கும் கணினியில் உள்ள எண்ணிட்ட வாசல். டி, என், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு ஐபி முகவரி, மறுபடி இடைவெளி விட்டு மைனஸ் குறியோடு ஒட்டிய 'போர்ட்' என்ற சொல், பிறகு 445. டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற நீளமான கட்டளையின் சுருக்கப் பெயர் அது. கடைசி வரியில் 'ட்ரூ' என்று வந்தால் வழி திறந்திருக்கிறது, 'ஃபால்ஸ்' என்று வந்தால் இல்லை.

ஏன் 445? விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கோப்புப் பகிர்வு நேராக இந்த டிசிபி போர்ட்டில்தான் நடக்கிறது. அதற்கு முந்தைய நெட்பயாஸ் முறைக்கு 137, 138, 139 என்ற மூன்று போர்ட் உண்டு. பழைய குறிப்புகள் நான்கையும் திறக்கச் சொல்லும். இன்றைய கணினிகளுக்குள் 445 ஒன்றே போதும்.

பிங் (மற்றக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) செய்து பார்த்து முடிவு கட்டாதீர்கள். பிங்குக்குப் பதில் சொல்வதற்கு ஃபயர்வாலில் தனி விதி இருக்கிறது. அது மூடியிருந்து 445 திறந்திருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம். பிங் போகவில்லை என்பதை வைத்து ஃபயர்வாலை அணைத்தவர்கள் நிறைய.

அறிகுறி: வெகுநேரம் சுற்றிவிட்டு "நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை" என்கிறது

முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல் இரண்டு பின்சாய்வுக் கோட்டோடு தட்டுகிறீர்கள். இருபது வினாடிக்கு மேல் சுற்றுகிறது. பிறகு 80070035 என்ற எண்ணோடு ஒரு செய்தி வருகிறது. கட்டளை வரியில் முயன்றால் பிழை எண் 53. 445 சோதனையும் 'ஃபால்ஸ்'. கணினி விழித்திருக்கிறது, முகவரியும் சரி. இதுதான் நான் முதலில் சொன்ன மௌனம். ஃபயர்வாலைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கொடுக்கும் கணினியில் முதலில் நெட்வொர்க்கின் வகையைப் பாருங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அங்கே வைஃபை அல்லது ஈதர்நெட்டின் ப்ராப்பர்ட்டீஸ். பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு இருக்கும். புதிதாகச் சேரும் எந்த நெட்வொர்க்கையும் விண்டோஸ் பப்ளிக் என்றே வைத்துக்கொள்ளும். பப்ளிக் என்றால் சுற்றி இருப்பவர்கள் அந்நியர் என்று பொருள், அதனால் பகிர்வுக்கான விதிகள் அதில் மூடியே இருக்கும். வீட்டு வைஃபையை பிரைவேட் ஆக மாற்றுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு மாற்றத்திலேயே பெரும்பாலான வீடுகளில் வேலை முடிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு தவற்றையும் பார்க்கிறேன். பப்ளிக் ஆகவே விட்டுவிட்டு, அதற்குள் பகிர்வைத் திறந்துவிடுவது. வீட்டில் வேலை நடக்கும். அதே மடிக்கணினி நாளைக்கு ரயில் நிலைய வைஃபையில் சேரும்போதும் அந்த விதி திறந்தே இருக்கும். வகையை மாற்றுங்கள், விதியை அல்ல.

பிரைவேட் ஆக்கியும் மௌனம் என்றால், அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸுக்குள் பிரைவேட் பகுதியில் ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-இல் இது அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது, பழையவற்றில் கன்ட்ரோல் பேனலில். இதை ஆன் செய்தால் ஃபயர்வால் விதி தானாகத் திறக்கும். தனியாக விதி எழுத வேண்டிய அவசியமே கிடையாது.

அதுவும் ஆன் ஆகியிருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்து பிரைவேட் நெட்வொர்க்கைத் தொடுங்கள். அனுமதித்த பட்டியலில் இருப்பவை உட்பட உள்ளே வரும் எல்லா இணைப்புகளையும் தடு என்ற பொருளில் ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் நீங்கள் எழுதிய எந்த விதியும் செல்லாது. யாரோ ஒருநாள் பயந்துபோய் டிக் செய்துவிட்டு மறந்திருப்பார்கள். விதிகளையே பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் இது படவே படாது.

அடுத்து விதிகள். விண்டோஸ் ஃபயர்வாலின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் இன்பௌண்ட் ரூல்ஸ் என்ற பட்டியல். அதில் ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் என்று தொடங்கும் வரிகளில் எஸ்எம்பி-இன் (SMB-In) என்று முடிவதைத் தேடுங்கள். எஸ்எம்பி என்பது விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையின் பெயர். ஒவ்வொரு வகை நெட்வொர்க்குக்கும் தனித்தனி வரி இருக்கும், பிரைவேட் என்று போட்டதில் பச்சை டிக் வேண்டும். கூடவே பட்டியல் முழுக்கச் சிவப்புத் தடைக் குறி உள்ள வரிகளையும் ஒரு பார்வை பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வாலில் அனுமதி விதியும் தடை விதியும் மோதினால் தடைதான் வெல்லும். பத்து அனுமதி எழுதினாலும் ஒரு தடை போதும். இந்தத் தடை விதிகள் பல நேரம் நாம் எழுதியவை அல்ல. ஒரு புரோகிராம் முதன்முறை ஓடும்போது "அனுமதிக்கவா?" என்று விண்டோஸ் கேட்கும், நாம் அவசரத்தில் கேன்சல் அழுத்துவோம். அந்தக் கேன்சலே அந்தப் புரோகிராமுக்குத் தடை விதியாகப் பதிவாகிவிடும். சாதாரண ஃபோல்டர் பகிர்வைவிட, படங்களை டிவிக்கு அனுப்பும் மீடியா சர்வர் போன்ற புரோகிராம்களில் இது அடிக்கடி நடக்கும்.

இன்னொன்று, அந்தக் கணினியை உண்மையில் காவல் காப்பது விண்டோஸ் ஃபயர்வால்தானா? ஆன்டிவைரஸ் தொகுப்புகள் பல தம்முடைய ஃபயர்வாலைப் போட்டு விண்டோஸினுடையதை ஒதுக்கிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் அதன் பெயர் தெரியும். அப்படியானால் மேலே சொன்ன விதிகளையெல்லாம் திருத்துவது காலியான காவல்கூண்டோடு பேசுவதற்குச் சமம். அந்த மென்பொருளைத் திறந்து, வீட்டு நெட்வொர்க்கை நம்பகமான பகுதியில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது மற்றக் கணினியின் ஒற்றை ஐபி முகவரியைக் கொடுக்காதீர்கள், அது நாளை மாறலாம். 192.168.1.0 முதல் 192.168.1.255 வரை என்று முழு வீச்சையும் கொடுங்கள். முதல் மூன்று எண் உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

புதுக் கணினியோடு வந்த ஓர் ஆன்டிவைரஸின் இலவசக் காலம் முடிந்த பிறகும் அதன் ஃபயர்வால் பகுதி மட்டும் ஓடிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். திரையில் எந்த அறிகுறியும் இல்லை. இரண்டு மாலை தேடினோம். அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, கணினியை மறுபடி தொடங்கிய பிறகுதான் 445 திறந்தது. சாதாரண அன்இன்ஸ்டால் எப்போதும் முழுமையாகத் துடைக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அறிகுறி: பட்டியலில் பெயர் இல்லை, ஆனால் முகவரியைத் தட்டினால் திறக்கிறது

நெட்வொர்க் என்ற இடத்தைத் திறந்தால் மற்றக் கணினியின் பெயரே காணோம். \\192.168.1.20 என்று தட்டினால் அழகாகத் திறக்கிறது. அப்படியென்றால் பகிர்வு நலமாக இருக்கிறது, விளம்பரப் பலகைதான் விழுந்துவிட்டது. பகிர்வும் கண்டறிதலும் வேறு வேறு வேலைகள், வேறு வேறு போர்ட்கள்.

கணினிகள் ஒன்றையொன்று கண்டறிய இன்று யுடிபி 3702, டிசிபி 5357 போன்ற போர்ட்கள் பயன்படுகின்றன (யுடிபி, டிசிபி இரண்டும் தரவு அனுப்பும் முறைகள்). பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள யுடிபி 5355. இவற்றைத் தனித்தனியாகத் திறக்க வேண்டாம், அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸில் நெட்வொர்க் டிஸ்கவரியை ஆன் செய்தால் தொகுப்பாகத் திறக்கும். ஆன் செய்து சேமித்த பிறகு திரும்பிப் பார்த்தால் மறுபடி ஆஃப் ஆகியிருக்கிறதா? சர்வீசஸ் பட்டியலில் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன், எஸ்எஸ்டிபி டிஸ்கவரி ஆகியவை ஓடுகின்றனவா என்று பாருங்கள். முதலாவதை ஆட்டோமேட்டிக் ஆக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் பெயர் தோன்றிவிடும்.

உண்மையைச் சொன்னால் இந்த அறிகுறிக்காக நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. முகவரியைத் தட்டித் திறந்து, அதை ஒரு நெட்வொர்க் டிரைவாக இணைத்துவிட்டால் அந்தப் பட்டியலை யாரும் பார்க்கப் போவதில்லை. அதற்கு முன் ரவுட்டரில் கொடுக்கும் கணினிக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில், முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதிக்குள் இந்த வசதி ஏதோ ஒரு பெயரில் இருக்கும்.

விண்டோஸ் 10-இல் இருந்த ஹோம்குரூப் என்ற வீட்டுப் பகிர்வு வசதியைத் தேடி யாராவது இங்கே வந்திருந்தால், அது 2018-இல் 1803 பதிப்போடு எடுக்கப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து அதைத் தேட வேண்டாம்.

அறிகுறி: பெயரும் கடவுச்சொல்லும் திரும்பத் திரும்பக் கேட்கிறது

கேட்கிறது என்றால் பதில் வந்துவிட்டது. ஃபயர்வாலை விட்டுவிடுங்கள்.

கேட்பது கொடுக்கும் கணினியில் உள்ள கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும். நம் முன்னால் இருக்கும் கணினியினுடையது அல்ல. தினமும் நான்கு இலக்க பின் எண்ணைத் தட்டியே உள்ளே போகிறவர்கள் அதையே இங்கேயும் தட்டுவார்கள். பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து தட்டினால் மட்டுமே செல்லும், நெட்வொர்க் வழியே செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருந்தால் முழு மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும் வேண்டும். அந்தக் கடவுச்சொல் பலருக்கு நினைவே இருப்பதில்லை. கடவுச்சொல்லே இல்லாத கணக்காலும் முடியாது, வெற்றுக் கடவுச்சொல்லோடு நெட்வொர்க் வழியே நுழைவதை விண்டோஸ் இயல்பாகவே மறுக்கிறது.

சுத்தமான வழி ஒன்று உண்டு. கொடுக்கும் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு சாதாரண உள்ளூர்க் கணக்கு உருவாக்குங்கள். ஆங்கில எழுத்தில் சிறிய பெயர், நல்ல கடவுச்சொல். அந்தக் கணக்குக்கு மட்டும் ஃபோல்டரைப் பகிருங்கள். கேட்கும் கணினியில் பெயரைத் தட்டும்போது முன்னால் கொடுக்கும் கணினியின் பெயரையும் ஒரு பின்சாய்வுக் கோட்டையும் சேர்த்துத் தட்டினால் குழப்பம் தீரும். முன்பு தவறாகச் சேமித்த கடவுச்சொல் கிரெடென்ஷியல் மேனேஜரில் உட்கார்ந்திருக்கலாம், அதை அழித்துவிட்டு முயலுங்கள்.

கடவுச்சொல் பாதுகாப்போடு பகிர்தல் என்ற அமைப்பையே அணைத்துவிடச் சொல்லும் யோசனையும் உலவுகிறது. வேண்டாம். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளியின் போனிலிருந்தும் உங்கள் ஆவணங்கள் திறக்கும்.

அறிகுறி: உள்ளே போகிறது, ஆனால் "அனுமதி இல்லை"

இதுவும் ஃபயர்வால் அல்ல. விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு அடுக்கு அனுமதி: ஷேரிங் டேபில் ஒன்று, செக்யூரிட்டி டேபில் இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஷேரிங்கில் முழு உரிமை கொடுத்துவிட்டு செக்யூரிட்டியில் அந்தக் கணக்கைச் சேர்க்காமல் விட்டால் கதவு திறந்தும் அலமாரி பூட்டியே இருக்கும்.

அறிகுறி: நேற்று வரை நடந்தது, இன்று இல்லை

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ரவுட்டர் மாறியதா? புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்திருந்தாலும், பின்னால் இருக்கும் ரவுட்டரின் வன்பொருள் முகவரி மாறியதைப் பார்த்து விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்வது உண்டு. புதிது என்றால் பப்ளிக். பெயர் ஒன்றாகவே இருப்பதால் நமக்குச் சந்தேகமே வராது.

ரவுட்டர் மாறவில்லை என்றால் ஐபி முகவரி மாறியிருக்கலாம். மின்சாரம் போய் வந்த மறுநாள் இது நடக்கும்.

அதுவும் இல்லை என்றால் விண்டோஸ் பெரிய அப்டேட் ஏதாவது வந்ததா என்று பாருங்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இங்கே குறிப்பாகச் சொல்லத் தக்கது. அதன் ப்ரோ பதிப்பில் இரண்டு பழக்கம் மாறியது. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை அது ஏற்பதில்லை, பரிமாற்றத்தில் ஒவ்வொரு செய்திக்கும் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும் என்கிறது. புதிதாகப் பகிர்வு உருவாக்கும்போது ஃபயர்வாலில் திறக்கும் தொகுப்பும் மாறியது: 137 முதல் 139 வரையிலான பழைய நெட்பயாஸ் போர்ட்கள் இனி அதில் சேராது. இந்த மூன்றும் நல்லதற்கான மாற்றங்கள்தான், ஆனால் பழைய சாதனம் இருக்கும் வீட்டில் அது வரைக்கும் ஓடியது நின்றுபோகும்.

அறிகுறி: பழைய நெட்வொர்க் டிஸ்க் பெட்டியோ ரவுட்டரில் செருகிய பென் டிரைவோ மட்டும் திறக்கவில்லை

கணினிக்குக் கணினி சரி, இந்தப் பெட்டி மட்டும் மறுக்கிறது. வரும் செய்தியை நிதானமாகப் படியுங்கள். எஸ்எம்பி1 என்ற பழைய முறை பாதுகாப்பற்றது என்று சொன்னால் பெட்டி மிகவும் பழையது. விருந்தினர் நுழைவைப் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்றால் பெட்டியில் பெயரும் கடவுச்சொல்லும் வைத்த ஒரு கணக்கை உருவாக்க வேண்டும். கையொப்பம் செல்லாது என்று வந்தால் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, அதன் அமைப்புகளில் எஸ்எம்பி கையொப்பத்தை ஆன் செய்ய வேண்டும். இவற்றில் எதற்கும் ஃபயர்வால் காரணம் அல்ல.

எஸ்எம்பி1-ஐத் திரும்பப் போடும் வழி விண்டோஸிலேயே இருக்கிறது. போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற நச்சு நிரல், கணினிகளுக்குள் நுழைந்தது இதே எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாக, இதே 445-ஆம் போர்ட்டில்தான். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள் கோப்புகளை இழந்தார்கள். பெட்டியின் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள், பெட்டியின் அமைப்புகளில் எஸ்எம்பி2 என்ற தேர்வு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அதிலுள்ள டிஸ்கைக் கழற்றி ஒரு கணினியில் மாட்டிப் பகிர்வதே மேல்.

அறிகுறி: ஒரு பக்கம் போகிறது, மறுபக்கம் வரவில்லை

முதல் கணினியிலிருந்து இரண்டாவது திறக்கிறது, இரண்டாவதிலிருந்து முதலாவது திறக்கவில்லை. முன்பே சொன்னதை நினைத்துக்கொண்டால் விடை கையில் இருக்கிறது. திறக்காத முதலாவதுதான் இங்கே கொடுக்கும் கணினி. அதில் நெட்வொர்க் வகை பப்ளிக் ஆக இருக்கும், அல்லது வேறொரு ஃபயர்வால் காவலில் இருக்கும்.

அறிகுறி: கேபிளில் போகிறது, வைஃபையில் போகவில்லை

கணினிகளின் ஃபயர்வாலைத் தாண்டி ரவுட்டரைப் பார்க்க வேண்டிய நேரம் இது. வைஃபையில் சேர்ந்தது விருந்தினர் நெட்வொர்க் என்றால் ரவுட்டரே அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கும், அது அதன் கடமை. ஏபி ஐசொலேஷன் என்றோ கிளையன்ட் ஐசொலேஷன் என்றோ ஒரு தேர்வு ஆன் ஆகியிருந்தால், வைஃபையில் உள்ளவை இணையத்தோடு பேசும், ஒன்றோடொன்று பேசாது.

இரண்டு ரவுட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு சிக்கல். இணையத்தைக் கொண்டுவரும் பெட்டி ஒன்று, அதன் பின்னால் நாம் வாங்கி மாட்டிய வைஃபை ரவுட்டர் ஒன்று. ஒரு கணினிக்கு 192.168.1 என்றும் மற்றதற்கு 192.168.0 என்றும் முகவரி வந்தால் அவை இரண்டும் வெவ்வேறு தெருவில் இருக்கின்றன. விண்டோஸின் பகிர்வு விதி பிரைவேட் நெட்வொர்க்கில் தன் தெருவிலிருந்து வருபவரை மட்டுமே ஏற்கும். விதியின் ஸ்கோப் பக்கத்தில் லோக்கல் சப்நெட் என்று அது எழுதியிருக்கும். அதைத் தளர்த்துவதைவிட, இரண்டாவது ரவுட்டரை, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றி இருவரையும் ஒரே தெருவுக்குக் கொண்டுவருவதே சரியான மருந்து.

விபிஎன் (இணையம் வழியே தனிப் பாதை போடும் மென்பொருள்) ஓடும்போது மட்டும் திறக்கவில்லை என்றால் அந்த விபிஎன்னின் அமைப்புகளில் உள்ளூர் நெட்வொர்க்கை அனுமதிக்கும் தேர்வு இருக்கும். அதை ஆன் செய்தால் போதும்.

மேக், லினக்ஸ் இருக்கும் வீட்டில்

மேக்கில் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தால் அதன் ஃபயர்வால் தானாக வழிவிடும். இரண்டு தேர்வு மட்டும் கவனிக்க வேண்டும். உள்ளே வரும் எல்லாவற்றையும் தடு என்ற தேர்வு பகிர்வையும் சேர்த்தே நிறுத்திவிடும். ஸ்டெல்த் மோட் பிங்குக்குப் பதில் சொல்லாது, பகிர்வைத் தொடாது.

லினக்ஸில் விண்டோஸ் முறையில் பகிர உதவும் சம்பா மென்பொருளை நிறுவினால் ஃபயர்வால் தானாகத் திறந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூவில் சம்பா என்ற பெயரிலேயே ஆயத்த விதி கிடைக்கும். ஃபெடோராவில் அதன் ஃபயர்வாலான ஃபயர்வால்டியின் நடப்பு மண்டலத்தில் சம்பா சேவையைச் சேர்த்து, அதை நிரந்தரமாகவும் சேமிக்க வேண்டும். சேமிக்காவிட்டால் மறுபடி தொடங்கும்போது போய்விடும். இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். ஃபயர்வால்டி பல நேரம் மௌனமாக இல்லாமல் உடனே மறுத்துப் பதில் அனுப்பும். மௌனம்தான் ஃபயர்வால் என்ற கணக்கு விண்டோஸுக்குப் பொருந்தும் அளவுக்கு இங்கே பொருந்தாது.

எதிலும் பிடிபடவில்லையா? ஃபயர்வாலையே கேளுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, எனக்கு இது மிகவும் பிடித்த கருவி. விண்டோஸ் ஃபயர்வால் தான் எதை எறிந்தது என்று எழுதி வைக்கும், ஆனால் எழுதச் சொன்னால்தான் எழுதும். கொடுக்கும் கணினியில் அட்வான்ஸ்ட் பக்கத்தின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, பிரைவேட் டேபில் லாகிங் பகுதியில் எறிந்த பாக்கெட், வெற்றி பெற்ற இணைப்பு இரண்டுக்கும் 'யெஸ்' கொடுங்கள். சந்தேகத்துக்கு பப்ளிக் டேபிலும் கொடுத்துவிடுங்கள். பதிவேடு எங்கே சேமிக்கப்படும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதற்குள் லாக்ஃபைல்ஸ், அதற்குள் ஃபயர்வால். இயல்பாக 4096 கேபி வரை வளரும்.

இப்போது கேட்கும் கணினியிலிருந்து ஒருமுறை முயன்றுவிட்டு, வந்து பதிவேட்டைத் திறந்து பாருங்கள். கேட்கும் கணினியின் முகவரியும் 445-உம் உள்ள வரியில் 'ட்ராப்' என்றிருந்தால் இந்த ஃபயர்வால்தான் தடுத்தது, மேலே சொன்ன நெட்வொர்க் வகையையும் விதிகளையும் மறுபடி பாருங்கள். 'அலௌ' என்றிருந்தால் அது விட்டுவிட்டது, கணக்கையும் அனுமதியையும் பாருங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால், காவலில் வேறு ஃபயர்வால் இல்லாத வரை, பாக்கெட் இந்தக் கணினி வரைக்கும் வரவே இல்லை. ரவுட்டரையோ, இரண்டு தெருவையோ, கேட்கும் கணினியின் விபிஎன்னையோ பாருங்கள். ஊகத்துக்கே இடமில்லை. வேலை முடிந்ததும் லாகிங்கைத் திரும்ப அணைத்துவிடலாம்.

இதற்குப் பிறகும் அணைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், ரவுட்டரிலிருந்து இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு, பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் ஒரு நிமிடம் அணைத்துச் சோதித்து, சோதனை முடிந்ததும் ஆன் செய்த பிறகே கேபிளைச் செருகுங்கள். சர்வீசஸ் பட்டியலுக்குப் போய் ஃபயர்வால் சேவையையே நிறுத்தும் வழியைப் பின்பற்றாதீர்கள். மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை. ஸ்டார்ட் மெனு வேலை செய்யாமல் போவது, ஆப்கள் நிறுவ மறுப்பது என்று தொடர்பே இல்லாத இடங்களில் கோளாறு கிளம்பும்.

வெளியூரிலிருந்து வீட்டு ஃபோல்டரைத் திறக்க ரவுட்டரில் 445-ஐ இணையத்துக்குத் திறந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம், அந்தப் போர்ட்டைத் தேடி இணையம் முழுக்கத் தட்டிக்கொண்டே திரியும் புரோகிராம்கள் ஓய்வதில்லை. ரவுட்டரிலோ டிஸ்க் பெட்டியிலோ விபிஎன் சர்வர் வசதி இருந்தால் முதலில் அதன் வழியே வீட்டுக்குள் வந்து, பிறகு ஃபோல்டரைத் திறங்கள். விபிஎன் வழியாக வருபவருக்கு வேறு தெருவின் முகவரி கிடைத்தால் பகிர்வு விதியின் ஸ்கோப்பில் அந்த ஒரு வீச்சை மட்டும் சேருங்கள்.

கடைசியாக, தேடலின் நடுவே நீங்களே எழுதிய விதிகள் சில இன்பௌண்ட் பட்டியலில் கிடக்கும். ஃபோல்டர் திறந்த கையோடு ஒவ்வொன்றாக முடக்கி, ஒவ்வொரு முறையும் மறுபடி திறந்து பாருங்கள். முடக்கிய பிறகும் ஃபோல்டர் திறக்கிறது என்றால் அந்த விதியை அழித்துவிடுங்கள்.